நால்வர் சேர்ந்து கட்டிய ராப் பாட்டு யாருடையது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எனக்கு எழுதிய கேள்வியின் சாரம் இது. பாட்டை எழுதி ராப் செய்பவர் அவர். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் ஷிஃப்ட் முடிந்த இரவுகளில் மடிக்கணினியில் பீட், அதாவது பாட்டின் தாள இசை, அமைத்திருக்கிறார். உடன் படிக்கும் தோழி பல்லவியைப் பாடியிருக்கிறார். பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர், இவர்கள் போய்க் கேட்டதற்காக, ஒரு விருத்தமும், தரு எனப்படும் தாளத்தோடு பாடும் கூத்துப் பாட்டின் சில அடிகளும் பாடித் தந்திருக்கிறார். நான்கு மாத உழைப்புக்குப் பிறகு பாட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. இப்போது முகப்புப் படத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் நண்பர்களுக்குள் மனவருத்தம் வந்துவிட்டது. பாட்டு யாருடையது, அதை வெளியிட்டால் நம் மாவட்டத்து மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்கிறார்.

தருமபுரியில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதற்கு முன்பு கூத்து மேடைகளுக்கும் மாரியம்மன் பண்டிகைகளுக்கும் மைக்செட் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு தனிக் கேள்விகள் அல்ல. கூட்டாகச் செய்த பாட்டை மக்கள் ஏற்பதும் தள்ளுவதும், அதில் யார் என்ன செய்தார் என்பதை நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் பிரித்து அறிவிக்கிறீர்கள் என்பதோடு பின்னிக்கிடக்கிறது. அந்தப் பிரிவினை பாட்டு வெளிவந்த பிறகு நடப்பதில்லை. முதல் நாள் ஒலிவாங்கியை எங்கே வைத்தீர்கள் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஆக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வாத்தியாரின் குரலை நீங்கள் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். பீட்டை முதலில் 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) முடித்துவிட்டு, அதைப் பெரியவரின் இரண்டு காதிலும் ஹெட்போனில் ஒலிக்கவிட்டு, அதன் மேல் பாடச் சொல்கிறார்கள். விருத்தம் தாளக்கட்டு இல்லாமல் பாடப்படுவது. சொல்லின் பொருளுக்கும் மூச்சுக்கும் ஏற்ப நீண்டும் குறுகியும் போவதுதான் அதன் இயல்பு. 90 பிபிஎம்மில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று சுமார் 2.67 நொடி. அந்தச் சட்டத்துக்குள் ஒரு விருத்தத்தை மடக்கி வைத்தால் அது விருத்தமாக இருக்காது, வாத்தியாரும் வாத்தியாராக இருக்கமாட்டார். குரல் தடுமாறும். பிறகு அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்கிறோம் என்று மென்பொருளில் வெட்டி ஒட்டுவார்கள். நாற்பது ஆண்டு இரவெல்லாம் கண்விழித்துப் பாடிய ஒரு தொண்டையில் எஞ்சியிருக்கும் அழகு அங்கேதான் போய்விடுகிறது.

கூத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒரு வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது முதலில் விருத்தம், அதைத் தொடர்ந்து தாளத்தோடு தரு என்று போவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். விருத்தம் நடக்கும்போது ஆர்மோனியமும் முகவீணையும் சுருதியைப் பிடித்துக்கொண்டு குரலின் பின்னாலேயே வரும். மத்தளம் கை கட்டிக் காத்திருக்கும். தரு எடுத்தவுடன் இறங்கும். உங்கள் பாட்டுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும். விருத்தத்துக்குக் கீழே பீட் வேண்டாம். சுருதி மட்டும் போதும். அவர் தன் போக்கில் பாடி முடிக்கட்டும். கடைசிச் சொல்லின் நீட்சி தேய்கிற இடத்தில் மத்தளம் விழ, அதே அடியில் உங்கள் நண்பரின் பேஸ் டிரம்மும் விழட்டும். பெரியவரின் நேரத்துக்குக் கணினி காத்திருந்தது என்பது கேட்பவருக்குத் தெரியும். அதை வார்த்தையில் சொல்லத் தெரியாதவருக்கும் காதில் தெரியும்.

சுருதியும் இப்படித்தான். மைக் வருவதற்கு முந்தைய காலத்தில் ஊர் எல்லை வரை கேட்க வேண்டும் என்பதற்காகப் பழகிய உச்சக் குரல் கூத்துக்காரர்களுடையது. நான் பதிவு செய்தவர்களில் பலர் நான்கு கட்டைச் சுருதிக்கு மேல் நின்று பாடியவர்கள். பீட்டில் இருக்கும் சுருதி தாழ்வாக இருந்தால், வாத்தியாரின் குரலை மென்பொருளில் இறக்காதீர்கள்; குரலின் உடம்பே மாறிப் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பீட்டை ஏற்றுங்கள். கணினியில் செய்த இசையை இரண்டு படி ஏற்றுவது சில நிமிட வேலை. சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளையும் அவர் குரல் மேல் போடவேண்டாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிச் செல்லும் இடம்தான் அவருடைய கலை; அந்த மென்பொருள் அந்த வழுக்கலைப் பிழையாக எண்ணிப் படிக்கட்டாக வெட்டிவிடும். உங்கள் குரலுக்குப் போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கொண்டு பாட்டை முடிக்காதீர்கள். அது ஒலியை நசுக்கித்தான் அனுப்பும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து வையுங்கள். நல்ல அறை இல்லையென்றால் கட்டில் மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்ட சாதாரண அறை போதும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கூத்துக்காரர் உச்சத்துக்குப் போகும்போது தலையைப் பின்வாங்கமாட்டார் என்பதால் அளவை முன்னதாகவே குறைத்து வையுங்கள். ஹெட்போனை ஒரு காதுக்கு மட்டும் கொடுங்கள்; மற்றக் காதில் அவர் குரலை அவரே கேட்க வேண்டும். இறுதிக் கலவையை மிகையாகச் சத்தம் ஏற்றி அனுப்புவதில் பயனில்லை. யூடியூப் போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு அதைத் தாமாகவே இறக்கிவிடுகின்றன. நீங்கள் இழப்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான்.

உங்கள் வரிகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இடத்தில் இடறுகிறார்கள். ஆங்கில ராப் அடியின் கடைசிச் சொல்லில் ஒலி ஒத்து நிற்பதைக் கேட்டுப் பழகியவர்கள், தமிழிலும் கடைசியை மட்டும் ஒக்கவைக்கப் பார்க்கிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் ‘வந்தேன், சென்றேன், நின்றேன்’ என்று எல்லா வரியும் தானாகவே ஒத்துவிடும். உழைக்காமல் கிடைத்த அந்த ஒப்பில் சுவை இல்லை. நம் மொழி தன் பலத்தை அடியின் தொடக்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை அடியின் முதல் சொல்லில் நிற்கிறது; ராப்பில் மிக அழுத்தமான தட்டும் சுற்றின் முதலில்தான் விழுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வரி தானாக ஆடும். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய இரண்டு வரிகள்: ‘வண்டி ஏறி ஓசூர் போனா வாரச் சம்பளம், நொண்டி நொண்டித் திரும்பி வந்தா நூறு ரூபா மிச்சம்.’ கடைசிச் சொற்கள் முழுமையாக ஒத்து நிற்கவில்லை. ஆனாலும் வண்டியும் நொண்டியும் முதல் தட்டில் இறங்குவதால் காது நிறைவடைகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் படித்த கணக்கையும் மறந்துவிடாதீர்கள். ஒரு சுற்றைப் பதினாறு கூறாக்கி, எந்தக் கூறில் எந்த நெடில் நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணினால், மூச்சு எங்கே முட்டுகிறது என்பது விளங்கிவிடும். திருப்புகழின் சந்தங்களை ஓதியவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. கூத்தில் கட்டியங்காரன் வேடிக்கையாக அடுக்கிச் சொல்கிற வசனமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வாத்தியாரிடம் உங்கள் வரிகளைப் பாடிக் காட்டுங்கள். எங்கே சந்தம் உடைகிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார்.

இனி உரிமை. இங்கே முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்குள் வந்திருக்கும் வருத்தத்தின் பாதி அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஹிப்ஹாப் உலகில் ப்ரொடியூசர் என்றால் பீட் அமைத்தவர். நம் ஊர்ப் பேச்சில் ப்ரொடியூசர் என்றால் பணம் போட்டவர். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்றால், அந்தப் பதிவைச் செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். ஓசூர் நண்பர் ‘நான்தான் ப்ரொடியூசர்’ என்று முதல் பொருளில் சொல்லியிருப்பார். மற்றவர்கள் அதை இரண்டாவது பொருளில் கேட்டு, நீ என்ன பணம் போட்டாய் என்று கோபப்பட்டிருப்பார்கள். சட்டப்படி பீட்டும் மெட்டும் அமைத்தவர் இசைப் படைப்பின் ஆசிரியர், அதாவது இசையமைப்பாளர். அந்தப் பெயரையே அவருக்குக் கொடுங்கள். குழப்பம் பெரிதும் அடங்கிவிடும்.

அதே சட்டம் இசைப் படைப்பு என்று சொல்லும்போது பாடப்படும் சொற்களை அதில் சேர்க்காது. சொற்கள் தனியே ஓர் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் நீங்கள். ஆகவே உங்கள் ராப் வரிகள் உங்களுடையவை, நண்பரின் இசை நண்பருடையது, இரண்டையும் சேர்த்துப் பதிந்த ஒலிப்பதிவு என்பது மூன்றாவது சொத்து. கூட்டுப் படைப்பு என்று சட்டம் சொல்வது வேறு: ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி இணைந்து செய்ததை மட்டுமே அது அப்படி அழைக்கிறது. உங்கள் பல்லவியை நீங்களும் தோழியும் ஒரே மாலையில், ஆளுக்கொரு சொல்லாக மாற்றி மாற்றிக் கட்டியிருந்தால் அது அந்த வகையில் சேரும். அப்போது தோழி வெறும் பாடகி அல்லர், பாடலாசிரியரும்கூட. இதை நீங்கள் நேர்மையாக நினைவுகூர வேண்டும். பெண் பிள்ளைகள் சொல்லித் தந்த வரிகள் ‘கோரஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோவதை என் அறையிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாத்தியாரின் பங்குதான் நுட்பமானது. அவர் பாடியது தலைமுறைகளாக வரும் பழைய விருத்தம் என்றால் சொற்களுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அவர் பாடிய பாட்டுக்கு, அந்த நிகழ்த்தலுக்கு, அவருக்கு உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நீடிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், இதை நிகழ்த்தியவர் நான்தான் என்று அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைத் திரித்தால் தடுக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்திருக்கிறது. நேரம் கருதி வெட்டிச் சுருக்குவதை மட்டும் திரிப்பாகச் சட்டம் கொள்வதில்லை. மாறாக, விருத்தத்தை அவரே கட்டியிருந்தாலோ பழைய சொல்லுக்குத் தாமே மெட்டுப் போட்டிருந்தாலோ அவர் ஆசிரியரும் ஆகிறார். இதை அவரிடம் கேட்காமல் நீங்களே முடிவு செய்யக்கூடாது. ‘ஐயா, இது யார் கட்டியது, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் தன் குருவின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அப்படி முடிவதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவில் சேர்ந்த சொல்லுக்கோ இசைக்கோ ஆசிரியரானவர், உரிமையை எழுதிக் கொடுத்த பின்பும், வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம். இது 2012இல் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் போராடிப் பெற்றது. அறியாமல் கையெழுத்திடும் கிராமத்துக் கலைஞருக்கு இதைவிட வலுவான காப்பு வேறில்லை என்பது என் எண்ணம்.

ஹிப்ஹாப் பிறந்த இடத்திலும் இதே சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை இக்கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆறு ஆண்டு கழித்து, 1979இல், சுகர்ஹில் கேங் குழுவின் பாட்டு உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அதன் அடிநாதம் ஷிக் என்ற குழுவின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் கேள்வி எழுப்பிய பிறகுதான் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்ந்தது. அதில் ஒருவர் பாடிய வரிகளில் பல, பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. அவர் பெயர் சேரவே இல்லை. முதல் பெரிய வெற்றியிலேயே ஒருவருக்குப் பெயர் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. கேள்வி கேட்கும் வலு யாருக்கு இருந்தது என்பதே வேறுபாடு.

நமக்கு அருகில் நடந்ததை நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ தமிழில் திரைப்படத்துக்கு வெளியே செய்யப்பட்ட கூட்டுப் பாடல்களில் மிக விரிவாகப் பரவியது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பெயர் தயாரிப்பாளர் இடத்தில் இருந்தது. அந்தப் பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய நிலமற்ற மக்களின் நினைவு. ஒப்பாரியின் குரலும் கொண்டாட்டத்தின் தாளமும் ஒன்றாக ஓடியதால்தான், ஒரு சொல்லும் புரியாதவர்களும் அதைப் பாடினார்கள் என்று நான் நினைக்கிறேன். முதல் சில மாதங்கள் வரவேற்பு என்பது முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவு இல்லாததை இயக்குநர் பா. இரஞ்சித் பொதுவெளியில் கேட்டார். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில், அந்தப் பாட்டை இசையமைத்து எழுதிப் பாடியது தாமே என்று அறிவு எழுதினார்; சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் விளக்கங்களை வெளியிட்டார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் வருவாய் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

மூவரில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவர்கள் இருந்த அறையில் நான் இல்லை. கவனிக்க வேண்டியது, கேட்பவர்களிடம் அந்தப் பாட்டு என்ன ஆனது என்பதை. பாட்டின் பொருளே நிலத்தை உழுதவருக்கு நிலம் இல்லாமல் போனதைப் பற்றியது. அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவர் மேடையில் இல்லை என்ற செய்தி வந்தபோது, மக்கள் அதை ஒரு தொழில் தகராறாகக் கேட்கவில்லை. பாட்டின் அடுத்த சரணமாகவே கேட்டார்கள். உங்கள் பாட்டும் கூத்துக்காரரின் குரலில் தொடங்குகிறது. கூத்துக்காரரை ஓரத்தில் நிறுத்தினால் உங்களுக்கும் அதுவே நேரும். அளவு சிறிதாக இருக்கும். வலி சிறிதாக இருக்காது.

இதை நான் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு நடவுப்பாட்டை வைத்து ராப் செய்தார்கள். பதிவு என் அறையில்தான். பாடிய அம்மாவின் பெயரைக் கடைசியில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ், தேநீர் வாங்கித் தந்தவர்கள் பெயரோடு சேர்த்துப் போட்டார்கள். நானும் அதைப் பார்த்தேன், சொல்லாமல் விட்டுவிட்டேன். பாட்டு வெளியாகி முதல் வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த மாதம் அந்த அம்மாவின் ஊர்ப் பண்டிகையில் மைக்செட்காரர் அதைப் போட்டபோது, அவருடைய மருமகள் எழுந்து போய் நிறுத்தச் சொன்னார். ‘எங்க அத்தை குரலு, பேரு மட்டும் உங்களுதா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாட்டை யாரும் போடவில்லை. பிள்ளைகள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவர்களுக்கு அது பழைய பாட்டு, பொதுப் பாட்டு. பாடிய தொண்டை ஒருவருடையது என்பது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பெயர்களை எழுதி முடிக்காமல் நான் எந்தக் கோப்பையும் கையில் கொடுப்பதில்லை.

பெயர் போடுவதற்கு நமக்கு வெளியூர் முன்மாதிரி தேவையில்லை. நம் மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனின் பெயரும், அவன் யாருடைய சேவகன் என்பதும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் வட்டெழுத்தில் வெட்டப்பட்ட கற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். அரசனாக இல்லாத ஒரு சாதாரண வீரனின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்து நிற்பதற்கு யாரோ ஒருவர் கல்லில் எழுதியதுதான் காரணம். அந்த எழுத்தை வெட்டிய கல்தச்சனின் பெயர் பெரும்பாலும் இல்லை என்பதையும் நான் அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே முகப்புப் படத்துக்கு வருகிறேன். முதலில் யார் என்ற சண்டை, எல்லாப் பெயரையும் ஒரே வரிசையில் அடுக்க நினைப்பதால் வருவது. ஒவ்வொரு பெயரோடும் அவர் செய்த வேலையைச் சேர்த்துவிட்டால் வரிசையின் வலி குறைந்துவிடும். விருத்தமும் தருவும் பாடியவர் இன்னார், அவர் குரு இன்னார், வரிகளும் ராப்பும் இன்னார், பல்லவி வரிகள் இன்ன இருவர், குரல் இன்னார், இசை இன்னார், மத்தளம் வாசித்தவர் இருந்தால் அவர் பெயரும். பாட்டு எந்தக் குரலில் தொடங்குகிறதோ அந்தப் பெயரில் தொடங்கலாம் என்பது என் கருத்து. அந்த வகையில் வாத்தியார் பெயர் முதலில் வரும், மற்ற மூவரில் யாரும் அதற்கு வருத்தப்படமாட்டீர்கள் என்றும் நம்புகிறேன். ‘சிறப்புத் தோற்றம்’, ‘உதவி’ போன்ற சொற்களை அவருக்குப் பயன்படுத்தாதீர்கள். 1994இல் திரைப்படத்துக்காகச் செய்யப்பட்ட ‘பேட்டை ராப்’ பாட்டிலேயே நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாளின் பெயர் பாடகர் வரிசையில் மற்றவர்களோடு நிற்கிறது. முப்பது ஆண்டுக்குப் பிறகு நாம் அதற்குக் கீழே இறங்கக்கூடாது.

பங்குத் தாளையும் எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் போதும்: பாட்டின் பெயர், தேதி, யார் என்ன செய்தார், சொல்லுக்கும் இசைக்கும் யாருக்கு எத்தனை விழுக்காடு, ஒலிப்பதிவு வருவாயில் யாருக்கு எத்தனை விழுக்காடு, யார் கணக்கில் பணம் வரும், அவர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவார். அதைத் தமிழில் எழுதி, வாத்தியாருக்கு உரக்கப் படித்துக் காட்டி, நால்வரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராத பாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஓசூர் நண்பர் கேட்கலாம். உண்மைதான், யூடியூபில் விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடி பார்வை வேண்டும். அதைத் தொடாமலே நிற்கும் பாட்டுகள்தான் அதிகம். ஆனால் பணம் இல்லாத நாளில்தான் நான்கு பேரும் நேர்மையாகப் பேச முடியும். இன்னொன்றையும் அவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்: பீட்டில் இணையத்திலிருந்து எடுத்த துண்டு எதுவும் இருக்கிறதா? ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் பீட்டுகளில் பல, வருவாய் ஈட்டாத பயனுக்கு மட்டும் இலவசமானவை. அந்த ஒரு துண்டால் பாட்டு முழுவதற்கும் வேறொருவர் உரிமை கோருவார்.

மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு நான் கண்டதைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு புதுப் பாட்டின் முதல் விமர்சகர்கள் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களும் பண்டிகை மைக்செட்காரர்களும்தான். கேழ்வரகுக் களியும் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியும் பெங்களூருக்குப் போகும் இரவுப் பேருந்தும் பாட்டில் உண்மையாக வந்தால் அவர்கள் அதை விடமாட்டார்கள்; சென்னைத் தமிழைக் கடன் வாங்கிப் பாடினால் ஒருமுறை கேட்டுவிட்டு மாற்றிவிடுவார்கள். கூத்துப் பெரியவர்களில் சிலர், கூத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்துவார்கள். அந்த வருத்தத்தைக் கேலி செய்யாதீர்கள். விருத்தத்தை விருத்தமாக விட்டிருந்தால் அவர்களுக்குப் பதில் பாட்டிலேயே இருக்கும். காணொளியில் நிறம், கொடி, சின்னம், வண்டியின் மேல் எழுதிய பெயர் ஆகியவற்றைக் கொண்டு இவர்கள் எந்தச் சாதி என்று துழாவுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. பண்டிகையில் எந்தப் பாட்டைப் போடுவது என்பதே சண்டையாக மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் நால்வரும் வெவ்வேறு தெருவைச் சேர்ந்தவர்கள் என்றால் அதை மறைக்கவும் வேண்டாம், காட்சிப்பொருளாக்கவும் வேண்டாம். ஒரே திண்ணையில் உட்கார்ந்து பாடுங்கள், கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முடிந்த பாட்டை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நீங்கள் மூவரும் வாத்தியாரின் ஊருக்குப் போங்கள். அடுத்து அவர் கூத்து நடக்கும் இரவில், வேடம் கட்டி முடியும் வரை கூட்டம் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில், அவருடைய ஒப்புதலோடு மைக்செட்டில் ஒருமுறை ஒலிக்கவிடுங்கள். ஒலிக்கும் முன் பங்காற்றியவர்களின் பெயர்களைத் தோழி மைக்கில் வாசிக்கட்டும். நீங்கள் கூட்டத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் குழந்தைகள் எழுந்து ஆடுகிறார்கள், எந்த வரியில் பெரியவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், எங்கே எல்லாரும் கைப்பேசிக்குத் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு என் அறைக்கு வந்தால் கடைசிக் கலவையை நாம் சேர்ந்து செய்யலாம்.